குறுங்கோடையில் ஒரு புதுப் பயிர்

புதுப் பயிர் ஒன்றை ஒரு நாட்டில் புகுத்துவது எளிது என்று எண்ணுவோர் பலர். விதையை வரவழைத்து, துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, ஜில்லாதோறும் நான்கு கூட்டம் நடத்திவிட்டால் மறு வருஷமே குடியானவன் களஞ்சியம் நிரம்பிவிடும் என்பது அவர்கள் கட்சி. இக்கட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று அறிய விரும்புவோர், கானடா தேசத்து மானிடோபா மாகாணத்தில் சோயா மொச்சை வேரூன்றிய வரலாற்றைக் கவனிக்க வேண்டும். அதில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

முதலில் இயற்கை விதித்த தடையைப் பார்ப்போம். சோயா மொச்சையின் தாய்நாடு சீனம். அது பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும் இயல்புடைய செடி. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு சாஸ்திரிகள் 'பிலாக்சி' என்னும் தென்னாட்டு ரகத்தை ஒரே பருவத்தில் பல தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்தன! செடி தன் வயதை எண்ணவில்லை. நாளின் நீளத்தை எண்ணியது. இவ்வுண்மையை அவர்கள் 1920-ல் வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே என்பது பின்னர் விளங்கிற்று.

இனி வின்னிபெக் நகரத்தை நினைத்துப் பாருங்கள். அது வட அட்சம் 50 பாகையை ஒட்டியது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் 16 மணிக்கு மேல் நீள்கிறது. வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனிக்கும் இடையே கிடைப்பதோ ஏறத்தாழ நான்கு மாதம். தெற்கத்திய விதையை அங்கே விதைத்தால், இரவு நீளட்டும் என்று அது காத்திருக்கும், தழைத்து வளரும், காய் முற்றுமுன் உறைபனி வந்து மடியும். எத்தனை பிரசங்கம் செய்தாலும் செடி தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. விதையைத்தான் மாற்ற வேண்டும்.

அந்த வேலை வேறொரு கண்டத்தில் தொடங்கிற்று. சுவீடன் தேசத்தில் நார்ச்சோப்பிங் நகரத்தை அடுத்த ஃபிஸ்கெபியில், ஸ்வென் ஹோல்ம்பர்க் என்பவர் வடஜப்பான், சகாலின் தீவு முதலிய குளிர்ப் பிரதேசங்களின் விதைகளைக் கொண்டு பல வருஷங்கள் ஒட்டுச் சேர்த்துக் குளிர் தாங்கும் வித்துக்களை உண்டாக்கினார். சுவீடனில் அப்பயிர் பெருஞ் சாகுபடியாகவில்லை. ஆயினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. கானடா சர்க்காரின் ஒட்டாவா பரிசோதனைப் பண்ணையில் ஹார்வி வோல்டெங் என்னும் சாஸ்திரி, ஹோல்ம்பர்க்கின் வித்து ஒன்றை 'ஹாரோசாய் 63' என்னும் ரகத்தோடு சேர்த்தார். அதிலிருந்து 'மேபிள் ஆரோ' என்னும் ரகம் 1976-ல் வெளிவந்தது. அதுவரை ஒண்டாரியோ மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலேயே பெரிதும் நின்றிருந்த பயிர், கிழக்கு ஒண்டாரியோவிலும் குவிபெக்கிலும் கால் வைத்தது. அதைவிட விரைந்து முற்றும் ரகங்கள் பின்தொடர்ந்தன. நெடும் பகலில் பூப்பைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்கள் இக்குறுகிய வயது ரகங்களில் செயலிழந்தோ வலுக்குன்றியோ இருக்கின்றன என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. அவற்றுள் முக்கியமான ஈ-1 என்னும் மரபணுவை 2012-ல் சாஸ்திரிகள் அடையாளம் கண்டார்கள்.

விதை கிடைத்ததும் வேலை முடிந்ததா? இல்லை. மண்ணின் வெப்பம் 10 பாகை சென்டிகிரேடாவது ஏறுமுன் விதைத்தால், விதை முதன்முதல் உறிஞ்சும் குளிர்நீரே அதற்கு எமனாகும். ஆகையால் பெரும்பாலும் மே மாதத்தின் பிற்பகுதியில் விதைக்கிறார்கள். அதற்கு மேல் தாமதித்தாலோ காய் முற்ற நாள் போதாது. இப்பயிரின் வேர் முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் நுண்ணுயிர் அந்நாட்டு மண்ணுக்குப் புதிது. அதையும் விதையோடு சேர்த்தே இட வேண்டும். முதன்முறை பயிரிடும் நிலத்தில் இரட்டிப்பாக இடுவதும் வழக்கம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலங்களில் இரும்புச் சத்துக் கிட்டாமல் இலை மஞ்சளிக்கும். அதைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காய்கள் தரையை ஒட்டித் தொங்குவதால், விதைத்த பின் கனத்த உருளையை ஓட்டிக் கற்களை மண்ணுள் அழுத்தினால்தான் அறுவடை இயந்திரம் தாழ வெட்ட முடியும். இத்தனையும் கற்ற பிறகே குடியானவனுக்குப் பலன். அப்பலனும் சிறிதன்று. நைட்ரஜன் உரச் செலவு அநேகமாக இல்லை. செவ்வாற்றுப் பள்ளத்தாக்கின் களிமண்ணில் நீர் தேங்கும் வருஷங்களிலும் இப்பயிர் கனோலாவைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது.

ஆகவே சாகுபடி பெருகிற்று. 2017-ல் மானிடோபாவில் மட்டும் 22 லட்சம் ஏக்கருக்கு மேல் சோயா விதைத்தார்கள். அதற்கு மேற்கே, அதனினும் வறண்ட சஸ்காச்சுவான் மாகாணத்திலும் அவ்வருஷம் 8½ லட்சம் ஏக்கர் ஏறிற்று. எங்கும் உற்சாகம்! ஆனால் குறுங்கோடை கடன்காரனைப்போல் காத்திருக்கும். தன் பாக்கியை ஒரு நாள் கேட்கவே செய்யும். முன்னரே 2004-ல் அது கேட்டது. அவ்வருஷக் கோடை குளிர்ந்து போய், ஆகஸ்டு மாதத்திலேயே உறைபனி விழுந்து, முற்றாத பயிர் நாசமாயிற்று. 2017-க்குப் பின் கேட்டது வேறு விதம். சோயா மொச்சைக்குத் தண்ணீர் மிகவும் வேண்டுவது ஆகஸ்டில் காய் பிடிக்கும் காலம். அம்மாதத்து மழை பொய்த்தது. சஸ்காச்சுவானில் 2019-ல் மிஞ்சியது சுமார் 1½ லட்சம் ஏக்கரே. மானிடோபாவிலும் பரப்புச் சுருங்கிற்று. நாளின் நீளத்தைச் சாஸ்திரம் வென்றது. வானத்தின் மழையை அது வெல்லவில்லை.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. மேற்குக் கானடாவில் விளையும் சோயாவில் புரதம் கிழக்கத்திய விளைச்சலைவிடக் குறைவாயிருக்கிறது. அரைத்துப் புண்ணாக்கு விற்பவன் விலை பேசும்போது இது குடியானவனுக்கு எதிர்ச் சாட்சியாகிறது. மற்றொன்று விதையைப் பற்றியது. சர்க்கார் பண்ணையில் பொதுப் பணத்தில் வளர்ந்த அறிவின்மேல் எழுந்த பயிரில், இன்று பெரும்பங்கு களைக்கொல்லி தாங்கும் தனியார் கம்பெனி விதை. விளைந்ததில் ஒரு பகுதியை மறு வருஷ விதையாக எடுத்து வைக்க அக்கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இடந்தருவதில்லை. அடித்தளம் பொதுச்சொத்து, மாடிக்கு மட்டும் வாடகை!

இவ்வழக்கில் நாம் கூறும் தீர்ப்பு யாது? மாற்றுப் பயிர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே தானியத்தை நம்பிய குடியானவன் ஒரே தூணில் நிற்கும் வீட்டில் குடியிருப்பவன். மற்றொரு தூண் நாட்டுவது விவேகம். ஆனால் அத்தூணை நாட்டியவர்கள் யார்? பத்து இருபது வருஷம் பலனை எதிர்பாராமல் வயலில் குனிந்து நின்ற விதை சாஸ்திரிகளும், அவர்களுக்கு இடைவிடாது சம்பளம் கொடுத்த பொது ஸ்தாபனங்களும், முதல் நஷ்டத்தைத் தம் தோளில் ஏற்ற குடியானவர்களுமே. அம்மூவரில் முதலிருவர் தவறினால் மேஜையில் காகிதம் கிழியும். குடியானவன் தவறினால் நிலம் ஏலத்துக்குப் போகும்.

ஆகையால் புதுப் பயிரைப் பரிந்துரைக்கும் எந்தச் சர்க்காரிடமும் குடியானவன் மூன்று கேள்விகள் கேட்க உரிமையுண்டு. என் ஊரின் நாளுக்கும் மழைக்கும் இவ்விதையை எத்தனை வருஷம் சோதித்தீர்கள்? கெட்ட வருஷம் வந்தால் நஷ்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? விளைந்த விதை யாருக்குச் சொந்தம்? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் நாட்டில், நான்கு மாதக் கோடையும் போதும். விடை கிடைக்காத நாட்டில் பன்னிரண்டு மாத வெயில் இருந்தும் பயனில்லை.