ஒரு கறுப்புக் கட்டை

‘ஜோர்ஜியா ஒன் மை மைன்ட்’ ஹோகி கார்மைக்கேல் 1930இல் இசையமைத்த பாடல். அதே ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்து, ஏழு வயதளவில் பார்வையிழந்த பியானோக் கலைஞர் ரே சார்ள்ஸ், 1960இல் அதைப் பாடி உலகறியச் செய்தார்.

நான் அதை எப் சுருதியில் பழகினேன். முதல் கோர்ட்டில் எப், ஏ, சி. அடுத்தது ஏ செவன்: ஏ, சி ஷார்ப், ஈ, ஜி. எப் மேஜர் வரிசையில் சி ஷார்ப் கிடையாதே! அச்சுப்பிழை என்று எண்ணி, பல நாட்கள் வெறும் சியையே அழுத்தினேன். காதுக்கு உறுத்தவில்லை, ஆனால் பாட்டு நகராமல் நின்றது.

ஒருநாள் தாளில் உள்ளபடியே வாசித்துப் பார்த்தேன். சி, சி ஷார்ப், பின்னர் டி மைனரின் டி: அடுத்தடுத்த மூன்று கட்டைகள், படியேறுவது போல. அதே வேளை ஏ செவனிலுள்ள ஜி, எப்புக்கு இறங்குகிறது. சி ஷார்ப்புக்கும் ஜிக்கும் இடையிலான நெருடல் அப்போதுதான் தீர்கிறது. அந்த நெருடல்தான் அடுத்த கோர்ட்டைத் தேடவைக்கிறது. ஜாஸிலும் சோல் இசையிலும் இது அடிக்கடி வரும்.

“இப்பதான் மகள், பாட்டு மாதிரி ஈக்கிது” என்றார் உம்மா, குசினியிலிருந்து.

இப்போது ஜி சுருதியில் பழகுகிறேன். அங்கே அந்தக் கறுப்புக் கட்டை, டி ஷார்ப்.