வேலை போனால் எத்தனை நாள்?

இரவு பத்தரை மணி மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடும்போது பெங்களூருவின் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: “போதும்டா சாமி, எங்கயாவது வெளிநாடு போய் நிம்மதியா இருந்துடலாம்.” இந்தப் பேச்சில் இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, இந்த வேலையை விடுவது. இன்னொன்று, இந்த நாட்டை விடுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என் அக்கா மகனுக்கு முப்பத்து மூன்று வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, மனைவிக்கு ஒயிட்ஃபீல்டில். இருவருக்கும் பொதுவாக பி.டி.எம். லேஅவுட்டில் வீடு. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்துத் தர்ஷினியில் பை-டூ டீ வாங்கிக்கொண்டு நின்றபோது போனில் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து நீட்டினான். வரிசையாக நாடுகள். சம்பளம், வரி, வாடகை, பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு கிடைக்க எத்தனை வருடம், குளிர் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கவனமாகத்தான் செய்திருந்தான்.

“மாமா, இதுல எந்த நாடு நல்லது?”

“இன்னொரு கட்டம் சேருடா. அங்க வேலை போயிட்டா எத்தனை நாள் இருக்க விடுவாங்கன்னு போடு.”

ஏன் அந்தக் கேள்வி? காலை நேரம் சில்க் போர்டு நெரிசலில் கரைகிறது. மாலையில் வீடு வந்தபின் அமெரிக்கா விழித்துக்கொள்கிறது, நம் வேலை மறுபடி ஆரம்பிக்கிறது. இதெல்லாம் களைப்புதான். ஆனால் ஆளை உள்ளிருந்து அரிப்பது, “இன்னைக்கு முடியாது” என்று சொல்ல முடியாத நிலை. கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஐ.டி. ஊழியர்களில் எத்தனை பேர் அதைக் காட்டி மேனேஜரிடம் பேசியிருப்பார்கள்? வேலை நிபந்தனைகளுக்கான 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து இந்தத் துறைக்கு மாநில அரசு விலக்குக் கொடுத்துவந்தது, 2024இல் அந்த விலக்கை மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தது. அதே ஆண்டு ஜூலையில் வேலை நேரத்தை நாளுக்கு 14 மணி நேரம் வரை கொண்டுபோகும் யோசனை வெளியே வந்தபோது, கே.ஐ.டி.யு. என்ற கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. அந்தச் சங்கத்தில் சேரவே தயங்கும் ஆட்கள்தான் இங்கே அதிகம். வீட்டுக் கடன் ஓடுகிறது, குழந்தையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. வேலை போய்விட்டால் இழப்பது அதிகம் என்பதால் வாயை மூடிக்கொள்கிறோம்.

வெளிநாட்டில் இந்தக் கணக்கில் இன்னொன்று சேர்கிறது. வேலை போனால் சம்பளத்தோடு அங்கே வசிக்கும் உரிமையும் போகலாம். அந்த உரிமை கம்பெனியின் கையில் இருக்கும்வரை, இங்கே சொல்லாத “முடியாது” என்ற வார்த்தை அங்கே போனால் மட்டும் வந்துவிடாது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். கம்பெனியே மாற்றி அனுப்பும் எல்-1 விசாவில் போனால் அந்தக் கம்பெனியைத் தவிர வேறெங்கும் வேலை பார்க்க முடியாது. அங்கே பெரும்பாலான வேலைகளில் காரணம் சொல்லாமலே ஆளை அனுப்பலாம். சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டமும் இல்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தக் கட்டு அவிழும். ஆனால் எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால், வேலைவழியில் விண்ணப்பித்த இந்தியர்களின் வரிசை பத்து வருடங்களையும் தாண்டி நீள்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வேறு வந்தது. கூடப் போகும் மனைவியோ கணவனோ எச்-4 விசாவில் உடனே வேலைக்குப் போகவும் முடியாது. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட மனுவுக்கு ஒப்புதல் போன்ற சில நிபந்தனைகள் நிறைவேறிய பிறகுதான் அதற்கு வழி. பெங்களூருவில் இருவர் சம்பாதித்த வீடு அங்கே ஒருவர் சம்பளத்தில், அதுவும் 60 நாள் கெடுவில் நிற்கும். பணம் சேர்க்கத்தான் போகிறேன் என்றால் அது சரியான காரணம், நான் குறை சொல்ல மாட்டேன். நிம்மதிக்காகப் போகிறேன் என்றால் முதல் சில வருடங்களில் அதை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

சிங்கப்பூர் நமக்கு நெருக்கமான ஊர். தமிழ் ஆட்சிமொழி, தோசைக்குப் பஞ்சமில்லை, அவசரமென்றால் அன்றே ஊர் வந்துசேரலாம். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான்.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்திரா நகரில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனுக்கு நம் பிள்ளைகள் ஜெர்மன் படிக்கப் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த திறன் பணியாளர் விசாவை இந்தியர்களுக்கு 90,000 வரை உயர்த்தப் போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அங்கே சட்டப்படி நாளுக்கு 8 மணி நேர வேலை. 10 மணி நேரம் வரை போகலாம், ஆனால் பிறகு சராசரியைச் சரிக்கட்ட வேண்டும். இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்குவதற்குள் 11 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு இருந்தாக வேண்டும். இரவு பதினொன்று வரை மீட்டிங்கில் இருந்தவர் காலை பத்துக்கு முன் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது இதன் பொருள். குறைந்தது நான்கு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. உடம்பு சரியில்லை என்றால் ஆறு வாரம் வரை கம்பெனியே முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் தவிர மற்றவற்றில் ஆறு மாதம் தாண்டியவரைக் காரணமில்லாமல் அனுப்ப முடியாது.

அந்த முதல் ஆறு மாதத்தைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. அது ப்ரொபேஷன். பெரும்பாலும் இரண்டு வார நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம். இங்கே வீட்டைக் காலி செய்து, குழந்தைக்கு டி.சி. வாங்கி, மொத்தக் குடும்பமாக இறங்குவதற்கு மிக மோசமான நேரம் அதுதான். முதலில் ஒருவர் போய் ஆறு மாதம் தாண்டட்டும் என்பேன்.

நம் கேள்விக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, திறன் பணியாளர்களுக்கான ப்ளூ கார்டு உள்ளவர் வேலை இழந்தால் 3 மாதம் வரை அதைக் காரணம் காட்டிக் கார்டைப் பறிக்கக் கூடாது. இரண்டு வருடம் கழித்தவர் என்றால் 6 மாதம். மனைவியோ கணவனோ போன உடனே வேலை தேடலாம். 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, பி1 அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில். அதன் பிறகு கம்பெனிக்கும் உங்கள் குடியிருப்புக்கும் சம்பந்தமில்லை. அன்றுதான் உண்மையில் நீங்கள் இடம்பெயர்ந்து முடித்தீர்கள்.

மொழியை நிரந்தரக் குடியிருப்பில் ஆறு மாதம் மிச்சம் என்ற கணக்காக மட்டும் பார்க்க வேண்டாம். ஐ.டி. வேலை ஆங்கிலத்திலேயே கிடைக்கும். ஆனால் அந்த வேலை போனால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அடுத்த கதவுகள் மிகக் குறைவு. வீட்டுக்காரரின் கடிதம், பள்ளியின் சுற்றறிக்கை, டாக்டரின் வரவேற்பறை எல்லாம் ஜெர்மனில்தான் பேசும். வரியும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் போனபின் கையில் நிற்கும் சம்பளத்தைப் பார்த்துச் சிலர் முகம் வாடுவதுண்டு. அந்தப் பிடித்தம்தான் ஓராண்டு கட்டியபின் வேலை போனால் உதவித்தொகையாகத் திரும்பி வருகிறது. நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. 2024 ஜூனில் வந்த சான்ஸன்கார்ட்டே என்ற அனுமதி, வேலை இல்லாமலே போய் ஓராண்டு வேலை தேட விடுகிறது. ஏற்கெனவே களைத்துப்போன ஒருவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சேமிப்பு கரைய, குளிர்காலத்தில், தனியாக இன்டர்வியூ தேடுவது இப்போது இருப்பதைவிடப் பெரிய மன அழுத்தம்.

கனடா வேறு மாதிரி. போகும்போதே பி.ஆர்., வேலை இழந்தால் எத்தனை நாள் என்ற கேள்வியே கிடையாது. ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். ஆனால் வாசல் குறுகிவிட்டது. 2025க்கு முதலில் 5,00,000 என்று வைத்த பி.ஆர். இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். வயதும் விரட்டுகிறது. பி.ஆர். தேர்வுக்கான கணக்கில், துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 100 புள்ளி, என் மருமகனின் 33க்கு 80, 45 ஆனால் பூஜ்யம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எட்டு-ஏழு-ஏழு-ஏழு வாங்க நம் ஆட்கள் இரண்டு மூன்று முறை எழுதுவது அதனால்தான். ஆஸ்திரேலியாவில் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் 482 விசாவில் 2024 ஜூலை முதல் ஒரே தடவையில் 180 நாள் வரை வேறு ஸ்பான்சர் தேடலாம். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை நியாயமான அளவில் ஒதுக்கிவிடும் உரிமையும் அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே அமலுக்கு வந்தது.

இனி முதல் முடிவுக்கு, வேலையை விடுவதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்-அவுட்டை வேலையோடு தொடர்புடைய நிலை என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வதில் திறன் குறைவது மூன்றும் அதில் சேரும். இரண்டு வாரம் ஊரில் முழு லீவில் இருந்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் விசாவுக்கு முன் டாக்டரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் இந்த ஊரில்தான் இருக்கிறது. டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். லீவில் உடம்பும் மனமும் தெளிந்துவிட்டால் குற்றவாளி அந்த டீமாகவோ மேனேஜராகவோ இருக்கலாம். அதற்கு மாரத்தஹள்ளியில் இன்னொரு கம்பெனி போதும், ம்யூனிக் வேண்டாம்.

அப்பா அம்மாவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஆம்னி பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியலில் மதுரையில் இருக்கலாம். அப்பாவுக்குத் திடீரென்று உடம்பு முடியவில்லை என்றால் ஒரே இரவுப் பயணம். சம்பள ஒப்பீட்டில் இதற்குக் கட்டமே கிடையாது, ஆனால் நீங்கள் கொடுக்கப் போகும் பெரிய விலை இதுதான். பெற்றோரை அழைத்துக்கொள்ள 2024 மார்ச்சிலோ அதற்குப் பிறகோ முதல் அனுமதி பெற்ற திறன் பணியாளர்களுக்கு ஜெர்மனி வழி திறந்தது. ஆனால் வயதானவருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்ற நிபந்தனை எளிதல்ல. கனடாவின் சூப்பர் விசா ஒரு தடவைக்கு 5 ஆண்டு வரை தங்க விடும். எந்த விசா கிடைத்தாலும், எழுபது வயதில் தெரு தெரியாத, பேச ஆளில்லாத ஊரில் அவர்கள் இருக்கச் சம்மதிப்பார்களா என்பதை அவர்களிடமே கேளுங்கள். ஊரில் இருக்கும் தங்கையோ அண்ணனோ ஆஸ்பத்திரிக்கு ஓடப்போகிறவர் என்றால், அவரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு போவதென்று முடிவானால், நோட்டீஸ் கொடுக்கும் முன் பாஸ்போர்ட்டையும் டிகிரி சான்றிதழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரில் மூன்றாவது வடிவம். மூன்று ஆவணமும் ஒரே ஆளுடையவை என்று வெளிநாட்டு அதிகாரிக்குப் புரியவைக்க அபிடவிட் தேவைப்படலாம். கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பல்கலைக்கழகம் வாரக்கணக்கில் எடுக்கும். இங்கே சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இவற்றை முடித்துவிடுங்கள். ஐ.டி.யில் பொதுவாக இருக்கும் மூன்று மாத நோட்டீஸை நம்பி இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம், ஹேண்டோவரிலேயே அது போய்விடும்.