ஐந்து நிமிட வீடியோவுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

சோளிங்கரில் ஒரு ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ‘பாலாறும் தோல் தொழிலும்’ என்று ஐந்து நிமிட வீடியோ செய்து வந்திருக்கிறார்கள். எழுத்து, படம், ஒலி, அசையும் காட்சி எல்லாம் கலந்த இதைத்தான் பல்லூடகச் செயல்திட்டம் என்கிறோம். ஊருக்கு மேற்கே ஓடும் பொன்னை ஆறு பாலாற்றில்தான் போய்ச் சேர்கிறது. தோல் பதனிடும் ஆலைகளான ராணிப்பேட்டை டேனரிகளும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. தெரிந்த விஷயம் என்பதால் வீடியோ முடிந்ததும் வகுப்பே கைதட்டுகிறது. சரி, பத்துக்கு எத்தனை போடுவது?

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு எட்டாம் வகுப்புவரை வந்தது. அதில் பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு, ஒன்றுக்குப் பத்து வீதம் இரண்டுக்கு. செயல்திட்டம் இங்கேதான் வருகிறது.

விடைத்தாளில் விடை எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். வீடியோவில் அது இசைக்கும் பறந்து வரும் எழுத்துகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க ஆம்பூர் பிரியாணியைத் துணைக்கு வைத்துக்கொள்வோம்.

முதலில் மளிகைப் பட்டியல். எத்தனை படி சீரகச் சம்பா, எவ்வளவு கறி என்று கணக்குப் போடாமல் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. வீடியோவுக்கு அந்தப் பட்டியல்தான் கதைப்பலகை. ஒரு தாளில் கட்டம் கட்டி, எந்தக் காட்சிக்கு என்ன படம், என்ன பேச்சு, யார் பொறுப்பு என்று எழுதுவது. படம்பிடிக்கும் முன்பே ஆசிரியர் இதை வாங்கிப் பார்த்து 2 மதிப்பெண் போடவேண்டும். மற்ற மதிப்பெண்கள் எப்படிப் பிரியும் என்பதையும் அன்றைக்கே கரும்பலகையில் எழுதிவிடவேண்டும்.

அடுத்து கறி. எவ்வளவு மணந்தாலும் கறி வேகாவிட்டால் அது பிரியாணி இல்லை. வீடியோவில் கறி என்பது சொல்லப்படும் செய்தி. இதற்கு 4 மதிப்பெண், எல்லாவற்றிலும் அதிகம். ‘டேனரியால் ஆறு கெட்டது’ என்று மட்டும் சொன்னால் அரைவேக்காடு. முன்பு ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு வேகமாக வேலை முடிகிற குரோமிய உப்பு வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டதால் நிலத்தடி நீர் கெட்டது என்று காரணத்தைக் கோத்துச் சொன்னால் வெந்துவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லி, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இதைத் தேடிப்பிடித்த குழுவுக்கு நான்கையும் தாராளமாகக் கொடுக்கலாம். கறி எந்தக் கடையில் வாங்கியது என்பதும் முக்கியம். பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கும் படத்தை எடுத்துப் பாலாறு என்று ஒட்டியிருந்தால் மதிப்பெண் குறையவேண்டும். அதனால் ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது என்று கடைசியில் ஒரு பட்டியல் கேளுங்கள்.

பிறகு மசாலா. ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுது அளவோடு இருந்தால்தான் கறியின் ருசி தெரியும். இசை, வண்ண எழுத்து, காட்சி மாறும் வித்தைகள் எல்லாம் மசாலா. இவற்றுக்கு மொத்தமே 2 மதிப்பெண். அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலில் திரையைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேளுங்கள். விஷயம் புரிகிறதா? பிறகு ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். பேச்சில் வந்த ஆலைக் கழிவு காட்சியில் இருக்கிறதா, அல்லது சம்பந்தமில்லாத சூரிய உதயம் ஓடுகிறதா? கடைசியாக இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று முறை பார்க்க கால் மணி நேரம்தான் ஆகும். ஆனால் பளபளப்பில் மயங்கி மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது இதோடு நின்றுவிடும்.

அதற்கு மேல் தம். எல்லாவற்றையும் சேர்த்து மூடிபோட்டு, மேலே தணல் வைப்பதுபோலத்தான் வெட்டி ஒட்டும் வேலை. இதைப் பள்ளிக் கணினியிலேயே செய்யச் சொல்வது நல்லது. வீட்டில் விலை உயர்ந்த செல்போன் இருக்கிற பிள்ளையும் செல்போனே இல்லாத பிள்ளையும் ஒரே அடுப்பில் சமைக்கட்டும். வீட்டில் செய்தால் அண்ணன் செய்து கொடுத்தானா என்ற சந்தேகமும் வரும்.

கடைசியில் பரிமாறல். அண்டாவின் மேலாக அள்ளினால் ஒருவர் தட்டில் வெறும் சோறுதான் விழும். அதனால் அடிவரை கரண்டி விட்டு எடுக்கிறோம். குழு வேலையும் அப்படித்தான். நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளையை மட்டும் கேட்டுவிட்டு நான்கு பேருக்கும் போடக்கூடாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அவர் செய்யாத பகுதியில் ஒரு கேள்வி கேளுங்கள். படம் வரைந்தவரிடம், ‘குரோமிய உப்பை ஏன் பயன்படுத்தினார்கள்?’ என்று கேட்கலாம். குரல் கொடுத்தவரிடம், ‘இந்தப் படத்தை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்கலாம். இந்த 2 மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும்.

தம்முக்குத் தனி மதிப்பெண் இல்லை; மற்ற நான்கையும் கூட்டினால் பத்து. ஆனால் எண்ணை மட்டும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ‘மூன்றாவது காட்சியில் ஆற்றின் படம் தவறு, மாற்றிக்கொண்டு வாருங்கள்’ என்று ஒரு வரியும் சேருங்கள். பருவத்தில் செய்யும் செயல்பாடுகளில் சிறந்த இரண்டைத்தான் கணக்கில் எடுக்கிறோம். அதனால் அந்த வரியைப் படித்துத் திருத்திவர அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.