நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட ஓர் அதிகாலை

வாரநாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கொஞ்சம் ஓடலாம் என்று நினைப்பவர்கள் பலர். புளோக்கின் கீழ் இரண்டு சுற்று, பூங்கா இணைப்புப் பாதையில் 3 கிலோமீட்டர் என்று தொடங்குகிறார்கள். சில மாதங்களில் அலுத்துவிடுகிறது. ஒரே சமதளம், ஒரே கான்கிரீட். அந்த அலுப்புக்கு நல்ல மருந்து நகரின் நடுவிலேயே இருக்கிறது. அதுதான் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் காட்டுப்பாதை.

முழுச்சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே சுமார் 164 மீட்டர்தான். அப்படியிருக்க மெக்ரிட்ச்சியில் என்ன பெரிய மேடு என்று கேட்கலாம். ஒரே பெரிய ஏற்றம் இல்லைதான். ஆனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஓடிப் பழகியவர்களின் கால்களைக்கூட 8ஆவது கிலோமீட்டரில் சோதித்துவிடுபவை அவைதான்.

தண்ணீரால் பிழைத்த காடு

இந்தக் காடு இன்னும் இருப்பதற்குக் காரணம் குடிநீர். 19ஆம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. நகருக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காக வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். பல தாமதங்களுக்குப் பிறகு 1868இல் நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. 1890களில் அதை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்ச்சியின் பெயர் 1922இல் அதற்குச் சூட்டப்பட்டது.

நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டினால் மண் கரைந்து தண்ணீரில் சேரும். அதனால் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தொடாமல் விட்டார்கள். அதன் பயனாகத்தான், அடுக்குமாடி வீடுகளும் விரைவுச்சாலைகளும் சூழ்ந்த இடத்தில் இன்று மழைக்காட்டுக்குள் ஓட முடிகிறது. குறுக்குத் தீவு ரயில்பாதை இந்த வனப்பகுதிக்கு அடியில் செல்லும் என்ற திட்டம் வந்தபோது, இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசினார்கள். காட்டுக்குக் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் அமைப்பது என்று 2019இல் அரசாங்கம் முடிவெடுத்தது.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

சாலையோரம் ஓடும்போது களைத்துவிட்டால் அடுத்த பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். காட்டுப்பாதையில் அது நடக்காது. முழுச்சுற்றில் பாதி தூரம் போன பிறகு முடியவில்லை என்றால், திரும்பி வரும் தூரமும் முன்னால் இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே எவ்வளவு தூரம் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மெக்ரிட்ச்சியில் சிரமப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு முடிவை எடுக்காமல் உள்ளே போனவர்களே.

முதல் தடவை போகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கிலோமீட்டரை மறந்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். 20 நிமிடம் போங்கள், பிறகு வந்த வழியே திரும்புங்கள். மொத்தம் 40 நிமிடம். அது உடம்புக்குச் சுலபமாக இருந்தால் அடுத்த வாரம் 25 நிமிடம் போகலாம். முழுச்சுற்றை எட்ட இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

குடும்பமாகச் செல்பவர்களுக்கு நீரோரப் பலகை நடைபாதைகள் ஏற்றவை. புரூனஸ், செம்பராய், பெத்தாய், ஜெரிங் என்று அவற்றுக்குத் தாவரங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். சம்பாலில் போட்டுச் சாப்பிடும் பெத்தாயைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒரு பாதை இருப்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தாத்தா பாட்டி நுழைவாயிலுக்கு அருகிலுள்ள பூங்காவில் மெல்ல நடக்கலாம். அப்பாவோ அம்மாவோ ஓடிவிட்டு வந்து அவர்களுடன் சேர்ந்துகொள்ளலாம்.

மேட்டில் நடந்தால் கௌரவக் குறைச்சல் இல்லை

சாலையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவருக்கு இங்கே 7 அல்லது 8 நிமிடம் ஆனால் வியப்பில்லை. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்தினால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஏற்றத்தில் வேகமாக நடந்துவிட்டுச் சமதளத்தில் ஓடுவது, மலைப்பாதையில் பந்தயம் ஓடுபவர்களும் கையாளும் முறைதான்.

இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எட்டி எட்டிக் கால் வைத்தால் உடல் எடை முழுவதும் முழங்காலிலும் முன் தொடையிலும் இறங்கும். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிப்பது இதனால்தான். சிறு அடிகளாக, உடலைப் பின்னால் சாய்க்காமல் இறங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மரவேர்களும் பலகைகளும் வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். பார்வை மூன்று நான்கு அடி முன்னால் தரையில் இருக்கட்டும். பாட்டு கேட்டாக வேண்டும் என்றால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

மரங்களுக்கு நடுவே இருக்கும் தொங்குபாலம் பலரை ஈர்க்கிறது. 2004இல் திறக்கப்பட்ட அந்த 250 மீட்டர் பாலம், இரண்டு குன்றுகளுக்கு இடையே 25 மீட்டர் வரை உயரத்தில் செல்கிறது. குறுகலான ஒருவழிப் பாதை என்பதால் அங்கே ஓடக்கூடாது, நிதானமாக நடந்துதான் கடக்க வேண்டும். பாலம் எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

வெயில், இடி, குரங்கு

காட்டில் நிழல் இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் உலராது என்பதால் உடல் சூடு தணியவும் நேரமாகும். காலை 7 மணிவாக்கில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். 40 நிமிடத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் கையில் ஒரு புட்டித் தண்ணீர் கட்டாயம். மாலையில் போகிறவர்கள் இருட்டும் முன்பே வெளியே வந்துவிட வேண்டும். காட்டுப்பாதைகளில் விளக்குகள் இல்லை.

இடிச்சத்தம் கேட்டால் அன்றைய ஓட்டம் அத்துடன் சரி. மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. அருகிலுள்ள கூரையுள்ள கட்டடத்துக்குச் செல்லுங்கள். கிளம்பும் முன் கைப்பேசியில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை இல்லை.

நீண்டவால் குரங்குகளை நிச்சயம் பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குப் பழகிவிட்டது. பையையும் பொட்டலத்தையும் கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கண்ணோடு கண் பார்க்காமல் அமைதியாகக் கடந்துவிடுங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். சைக்கிளையும் செல்ல நாயையும் வனப்பாதைக்குக் கொண்டு செல்ல அனுமதி இல்லை.

நம் வீட்டுக் கணக்கு

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்படுவது நம் வீடுகளுக்குப் புதிய செய்தி அன்று. அப்பாவுக்கு இருக்கிறது, மாமாவுக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சனி, ஞாயிறு இரு காலையும் 40 நிமிடம் காட்டில் கழித்தாலே 80 நிமிடம் ஆகிவிடும். மீதியை வாரநாள்களில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு விரைந்து நடந்தே சேர்த்துவிடலாம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் நெடுநாள் உடற்பயிற்சி இல்லாதவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

போய்ச் சேருவதும் சிரமம் இல்லை. கால்டிகாட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தாம்சன் சாலை, லோர்னி சாலை வழியாகப் பேருந்துகளும் உண்டு. வழுக்காத காலணி, தண்ணீர், கைப்பேசி இருந்தால் போதும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.