நெருக்கடி நாளில் நம் கடை



ஊரில் ஒரு பயம் கிளம்பினால் அது முதலில் வந்து நிற்கும் இடம் மளிகைக் கடை. புயல் என்றாலும் ஊரடங்கு என்றாலும் ஜனங்கள் பையை எடுத்துக்கொண்டு நம்மிடம்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவர் நடந்துகொள்கிற விதத்தைப் பொறுத்து அந்தப் பயம் கூடும், அல்லது குறையும். அன்பு, இரக்கம் பற்றி மேடையில் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சரக்கு நிறுத்துக் கொடுக்கிற கையில் உள்ள சமாசாரம் மட்டுமே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருக்கடையில் 100 கிலோ அரிசி இருக்கிறது. அந்தக் கடையை நம்பி 50 குடும்பங்கள். குடும்பத்துக்கு 2 கிலோ என்றால் எல்லோருக்கும் சரியாகப் போகும். மழை எச்சரிக்கை வந்ததும் முதலில் வருகிற பத்துப் பேர் ஆளுக்கு 10 கிலோ கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் நமக்கு நல்ல வியாபாரம், ஆனால் மற்ற 40 குடும்பம் வெறும் பையோடு திரும்பும். அவர்கள் அடுத்த கடையில் போய் 2 கிலோவா கேட்பார்கள்? கிடைத்த மட்டும் கொடு என்பார்கள். மாலைக்குள் ஊர் முழுக்க "அரிசி இல்லையாம்" என்ற பேச்சு. உண்மையில் அரிசி ஊரில்தான் இருக்கிறது, பத்து வீட்டில் அடைந்து கிடக்கிறது. அந்தப் பத்துப் பேரும் கெட்டவர்கள் அல்லர், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. "எல்லாருக்கும் வேணும்லா அக்கா, இன்னைக்கு ரெண்டு கிலோ கொண்டு போங்க, நாளைக்கும் கடை உண்டு" என்று முகம் கோணாமல் சொல்ல வேண்டியது நம் வேலை. சிலர் சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஆனால் நாளைக்குக் கடை உண்டு என்று சொன்னவர் மறுநாள் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றால், ஒரு தப்பு செய்துதான் கற்றேன். 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தார்கள். லாரி வருமா, வராதா தெரியவில்லை. மறுநாளே என் சில்லறை வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் "ரொக்கம் இருந்தால்தான் சரக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவர் தேரிக்காட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர். பல வருஷப் பழக்கம், பாக்கி வைத்ததில்லை. பனைத்தொழில் தொடங்கும் பருவம் அது. அவர் கடையில் வாங்குகிறவர்கள் பனையேறிக் குடும்பங்கள். பருவத் தொடக்கத்தில் அரிசி பருப்பைப் பற்றில் வாங்கி, பதநீர் காய்ச்சத் தொடங்கியதும் கருப்பட்டியாகவோ பணமாகவோ அடைப்பார்கள். நம் பக்கத்தில் இதுதான் வழக்கம். அவரிடம் அன்று ரொக்கம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார், சிட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், போய்விட்டார்.

நான் பற்றை நிறுத்தியதால் அவரும் தம் பற்றை நிறுத்தினார், வேறு வழி? அடுப்பில் உலை வைக்க வேண்டுமே என்று அந்தக் குடும்பங்கள் காய்ச்சிய கருப்பட்டியை வந்தவரிடம் வந்த விலைக்குத் தள்ளின. அந்த மலிவுச் சரக்கு கைமாறி என் கிட்டங்கிக்கே விலைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிறகு ஆள் சொல்லி அனுப்பினேன். "வேற எடத்துல சரக்கு எடுக்கேன் அண்ணாச்சி, வருத்தம் ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது. வருத்தம் இல்லை என்று அவர் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த சோதனை 2023 டிசம்பரில் வந்தது. அந்த வருஷம்தான் நம் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து எல்லோரும் சந்தோஷத்தில் இருந்தோம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. 18-ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. தாமிரபரணி கரை புரண்டது, ஏரல் கடைவீதியில் வெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் பாழானது. கரண்ட் போனது, போன் போனது. இப்போது பால் பாக்கெட்டுக்கும் போனில்தானே பணம் அனுப்புகிறார்கள்? அன்று வந்தவர்கள் பலர் கையில் போன் இருந்தது, பணம் இல்லை. ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை. வசதியுள்ளவரும் இல்லாதவரும் அன்று ஒன்றுபோலத்தான் கடை வாசலில் நின்றார்கள்.

இந்த முறை பற்று நோட்டைத் திறந்தேன். கேட்ட சில்லறைக் கடைக்காரர்களுக்கு எல்லாம் இருக்கிற சரக்கைப் பங்கிட்டு எழுதிக் கொடுத்தேன். "நீங்களும் உங்கள் ஆட்களுக்கு இப்படியே கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒருவரைத் தவிர எல்லோரும் மாசிக்குள் தீர்த்துவிட்டார்கள். அந்த ஒருவருக்கு ஏரலில் கடை. அவர் இழந்தது என் பாக்கியைப் போலப் பல மடங்கு, நானும் கேட்கவில்லை.

நான் செய்தது பெரிதல்ல என்பதற்கு ஸ்ரீவைகுண்டமே சாட்சி. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு சாலையும் துண்டானது, மீதி 500 பேர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் உணவு போடும் முன்பே சோறு போட்டவர்கள் அருகிலுள்ள புதுக்குடி ஜனங்கள். தங்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போது, வீட்டில் இருந்த அரிசி பருப்பைச் சேர்த்து உலை வைத்தார்கள். பயணிகள் 19-ஆம் தேதிதான் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் அனுப்பப்பட்டார்கள்.

நம் தொழில் புத்தியில் இதைப் பார்க்கிறேன். ஆளுக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றாலும் 500 பேருக்கு 75 கிலோ. ஒரு வேளைக்கு 25 கிலோ சிப்பம் மூன்று. வெள்ளம் எப்போது வடியும் என்று தெரியாத நிலையில், திரும்ப வரவே போகாத வெளியூர்க்காரர்களுக்காக அதைக் கொடுத்தார்கள். நாமோ தினமும் முகம் பார்க்கிற வாடிக்கையாளருக்கு இரண்டு கிலோ எழுதிக் கொடுக்க யோசிக்கிறோம்.

இதற்காக முதலை அழித்துத் தர்மம் செய்யச் சொல்லவில்லை. முதல் போனால் அடுத்த மழைக்குக் கடையே இருக்காது. லாரி சுற்றி வந்து வாடகை கூடினால் அதைச் சேர்க்கத்தான் வேண்டும். "வண்டி வாடகை கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடிப்போச்சு" என்று காரணம் சொல்லி வாங்கினால் யாரும் கோபிப்பதில்லை. பாக்கெட் சரக்கில் விலை அச்சடித்திருக்கிறது, அதற்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. சாக்கில் இருக்கும் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அப்படி அச்சு இல்லை. ஜனங்கள் பல வருஷம் மறக்காமல் பேசுவது அந்தச் சாக்கு விலையைத்தான். அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தின்போது பால் பாக்கெட்டை அநியாய விலைக்கு விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. விற்றவர்கள் எத்தனை பேரோ, கெட்ட பெயர் வியாபாரி என்ற ஜாதிக்கே வந்தது.

ஐப்பசி பிறக்கும் முன் சில ஏற்பாடுகள் செய்துகொள்வது நல்லது. மின்னணுத் தராசு கரண்ட் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் படுத்துவிடும். முத்திரை போட்ட பழைய கைத்தராசும் எடைக்கல்லும் ஒரு செட் இருக்கட்டும். பற்று எழுத ஒரு காகித நோட்டு, சில்லறை நோட்டுகள் கொஞ்சம், மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிற அளவுக்கு. அரிசி மூட்டையையும் கருப்பட்டிப் பெட்டியையும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை போட்டு ஏற்றி வையுங்கள். கடையில் நிற்கிற பையன்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்: "சரக்கு தீரப் போகுது, சீக்கிரம் வாங்குங்க" என்ற வார்த்தை மழை நாளில் அவர்கள் வாயிலிருந்து வரக்கூடாது.