மையக் கணினி இல்லாத கோப்புப் பகிர்வு

ஆயிரக்கணக்கான நூல்கள் அடுக்கப்பட்ட நூலகத்தில் நமக்கு வேண்டிய நூலைக் காட்டித் தருவது அதன் அட்டவணையே. அவ்வட்டவணை அழிந்துவிட்டால், நூல்கள் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கும் இது பொருந்தும். அங்கே அட்டவணையைக் காத்துவந்தது சர்வர் எனப்படும் மையக் கணினி. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டுதல், வந்த கோப்பு மெய்யானதென உறுதி கூறுதல், பயன்படுத்துவோரிடையே ஒழுங்கை நிலைநாட்டுதல் என மூன்று கடமைகளை அது ஆற்ற இயலும். மையக் கணினியை நீக்கிவிடலாம். ஆனால் இக்கடமைகளை நீக்க இயலாது. அவற்றை யார் ஏற்பது என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் செய்தியாகும்.

நாப்ஸ்டர் தந்த பாடம்

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷான் ஃபானிங் என்னும் இளைஞர் உருவாக்கிய நாப்ஸ்டர் என்னும் அமைப்பு, இசைக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்பட்டது. பாடல்கள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. எந்தப் பாடல் எவரிடம் உள்ளது என்னும் பட்டியல் மட்டும் நிறுவனத்தின் மையக் கணினிகளில் இருந்தது. பதிப்புரிமை மீறல் எனக் கூறி இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வாண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தன. நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து 2001 ஜூலையில் அச்சேவை நின்றது. பாடல்கள் எண்ணற்ற வீடுகளில் அப்படியே இருந்தன. பட்டியல் மறைந்ததால் வலைப்பின்னல் முழுவதும் செயலிழந்தது. மையம் ஒன்று இருக்குமாயின், அதன் வீழ்ச்சி அனைத்தின் வீழ்ச்சியாகும் என்பது இதனால் விளங்கிற்று.

கேட்டுக் கேட்டுத் தேடுதல்

நல்சாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்டின் ஃபிராங்கல், டாம் பெப்பர் ஆகியோர் 2000 மார்ச்சில் நூட்டெல்லா என்னும் மென்பொருளை வெளியிட்டனர். தாய் நிறுவனமான ஏஓஎல் அதனை உடனடியாகத் திரும்பப் பெற்ற போதிலும், அதன் படிகள் அதற்குள் பரவிவிட்டன. இம்முறையில் பட்டியலே இல்லை. ஒரு கணினி தனக்குத் தேவையானதை அண்டைக் கணினிகளிடம் கேட்கும். அவை தம் அண்டைக் கணினிகளிடம் கேட்கும். ஊரில் ஒரு பொருளை வீடு வீடாக விசாரிப்பது போன்றது இது. கேள்வி முடிவின்றிச் சுற்றாதிருக்க, வழக்கமாக 7 தாவல்கள் என எல்லை வகுத்தனர்.

ஆனால் இதற்கான விலை பெரிது. ஒவ்வொரு கணினிக்கும் 4 அண்டைகள் எனக் கொள்வோம். வந்த வழியை விடுத்து மற்ற மூவருக்கு மட்டும் கேள்வியை அனுப்பினாலும், 7 தாவல்களில் ஒரே கேள்வி 4,372 முறை அனுப்பப்படலாம். இவ்வாறு பலர் ஒரே வேளையில் கேட்டால், தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைந்திருந்த அக்காலக் கணினிகள் திணறியதில் வியப்பில்லை. மேலும், எட்டாவது தாவலில் இருக்கும் கோப்பு, இருந்தும் கிடைக்காது.

பங்கிட்டுக் கொண்ட அட்டவணை

இக்குறையைத் தீர்க்க 2001ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் ஒரு புதுவழி கண்டனர். அட்டவணையை ஒழிப்பதற்கு மாறாக, அதனை எல்லாரும் பங்கிட்டுக் காப்பதே அவ்வழி. 2002இல் பீட்டர் மேமன்கோவ், டேவிட் மஸியேர் ஆகியோர் வெளியிட்ட கடெம்லியா இவ்வகையில் பெரிதும் பரவியது. இதில் ஒவ்வொரு கணினிக்கும் 160 இருமை இலக்கங்கள் கொண்ட எண் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அத்தகைய எண் உண்டு. கோப்பின் எண்ணுக்கு மிக நெருங்கிய எண்களையுடைய கணினிகளே, அக்கோப்பு எவரிடம் உள்ளது என்னும் குறிப்பைக் காக்கும்.

தேடுபவர் தாம் அறிந்த கணினிகளுள் அவ்வெண்ணுக்கு நெருங்கியதைக் கேட்பார். அது தன்னினும் நெருங்கியதைக் காட்டும். அகராதியை நடுவில் பிரித்து, பின் பாதியில் பாதியாகச் சுருக்கிச் சொல்லைக் காண்பது போல, ஒவ்வொரு படியிலும் எஞ்சிய தேடற்பரப்பு பாதியாகக் குறையும். எனவே 10 இலட்சம் கணினிகளிடையேயும் ஏறத்தாழ 20 படிகளில் விடை கிடைத்துவிடும். கணினிகள் எந்நேரமும் வெளியேறக்கூடும் ஆதலின், ஒரே குறிப்பைப் பல கணினிகள் காக்கின்றன.

நம்பிக்கையும் நேர்மையும்

முகமறியாதவர் அனுப்பிய கோப்பை நம்புவது எப்படி? பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டோரண்ட் இதற்கு விடை தந்தது. அது கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணித முறையில் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு முன்னரே வெளியிடுகிறது. துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். பொருந்தாத துண்டைக் கணினி தானே தள்ளிவிடும். முதலில் பயன்பட்ட எஸ்எச்ஏ-1 என்னும் கணக்குமுறையில், வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு செய்யலாம் என 2017இல் மெய்ப்பிக்கப்பட்டது. பிட்டோரண்டின் இரண்டாம் பதிப்பு வலிமை மிக்க எஸ்எச்ஏ-256 முறையைக் கைக்கொள்கிறது.

எடுத்துக்கொள்வோர் பலர், கொடுப்போர் சிலர் என்பது மற்றொரு சிக்கல். நூட்டெல்லாவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பையும் பகிரவில்லை என அடார், ஹ்யூபர்மன் ஆகியோரின் ஆய்வு 2000இல் காட்டியது. பிட்டோரண்டிலோ, ஒருவர் தமக்குத் துண்டுகள் தருவோருக்கே முதன்மையாகத் தருவார். கொடுக்க ஏதுமில்லாத புதியவரும் தொடங்குவதற்காக, அவ்வப்போது யாரேனும் ஒருவருக்குக் கைம்மாறு கருதாமல் வாய்ப்பளிக்கப்படுகிறது. அரிய துண்டுகளை முதலில் பெறுவது என்னும் விதியால் அவை அழியாமல் பரவுகின்றன.

எஞ்சும் பொறுப்பு

இவ்வமைப்புகள் குறையற்றவை அல்ல. புதிதாக நுழையும் கணினி முதலில் ஓர் அண்டையின் முகவரியையேனும் அறிந்திருக்க வேண்டும். அதனைப் பெறும் வழியில் மையத்தின் சாயல் எஞ்சுகிறது. பரிமாறுவோர் ஒருவர் முகவரியை மற்றவர் காணலாம். எனவே மறைவு என்பது தானாக வாய்ப்பதில்லை. ஒருவரே பல பெயர்களில் நுழைந்து ஏமாற்றவும் கூடும். அடையாள எண், கோப்பு மாறாதது என்பதற்கே சான்று. அது நல்லது என்பதற்குச் சான்றன்று.

சட்டமும் விலகி நிற்பதில்லை. பதிப்புரிமை மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு இத்தகைய மென்பொருளைப் பரப்புவோர் பொறுப்பாவர் என 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரோக்ஸ்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே வேளையில், லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் இக்கருவியாலேயே முறையாக வழங்கப்படுகின்றன. குற்றமும் நன்மையும் கருவியில் இல்லை, கையாள்வோரிடமே உள்ளன.

அனைத்திற்கும் மேலாக ஒன்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மையம் இல்லாத வலைப்பின்னலில் ஒரு கோப்பை எவரும் அழித்துவிட முடியாது என்பது பாதி உண்மையே. அதனைக் காக்க ஒருவரும் முன்வராவிடில், அழிப்பார் இன்றியே அது அழிந்துபோகும். மையக் கணினி சுமந்த பொறுப்பு மறைந்துவிடவில்லை. ஊர் கூடி இழுக்கும் தேர்வடம் போல, அது பலர் கைக்கு வந்துள்ளது. வடத்தைப் பற்றியவர் அனைவரும் கையை விட்டால், தேர் நிலைகொண்ட இடத்திலேயே நின்றுவிடும்.