சக்கரத்துக்குள் ஒரு முனகல்

தெப்பக்காட்டில் யானை முகாமைப் பார்த்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள். கூடலூர் சுற்றிப் போனால் சுமார் 67 கிலோமீட்டர். மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினால் ஏறத்தாழ 36. வழியில் வரும் கொண்டை ஊசி வளைவுகளும் 36. இந்தப் பாதையில் ஏறுகிறவர்கள் பிரேக்கைப் பற்றி விசாரிப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். காரின் முழு எடையையும் தாங்கிச் சுழலும் வீல் பேரிங்கை யாரும் நினைப்பதில்லை.

இரண்டு எஃகு வளையங்கள், நடுவே குண்டுகள் அல்லது உருளைகள், கொஞ்சம் கிரீஸ். இவ்வளவுதான் அது. அந்தக் கால அம்பாசடரில் ஹப்பைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அப்பி மாட்டிவிடுவார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் மூடி அடைக்கப்பட்ட பேரிங். கெட்டால் மாற்றத்தான் வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே தேய்மானம் 1.7 மடங்கு. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பும் கார், புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு விசையால் வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிப்பக்கச் சக்கரங்களின் சுமை அப்போது அந்த ஐந்தில் ஒரு பங்கை எளிதாகத் தாண்டிவிடும். போதாததற்கு, அந்த விசை பேரிங்கைப் பக்கவாட்டிலும் நெருக்கும். சமவெளியில் ஓடிய லட்சம் கிலோமீட்டரும் மலையில் ஓடிய லட்சமும் ஒன்றல்ல.

இறக்கத்தின் சிக்கல் வேறு. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், முப்பத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்தால், அந்த வெப்பத்தில் ஒரு பங்கு ஹப்புக்குள் போய் கிரீஸை இளக்கும். சூடான ஹப் திடீரெனத் தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அடைப்பு சற்றே தேய்ந்திருந்தாலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் மாயாறு பெருகித் தெப்பக்காடு தரைப்பாலத்தின் மேல் ஓடுவதைப் பார்த்தவர்கள், அப்படிப்பட்ட இடத்தில் வண்டியை விடத் தயங்குவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தேய்மானம் பெரும்பாலும் எஃகின் மேற்பரப்புக்குச் சற்று அடியில்தான் தொடங்கும். நுண்ணிய விரிசல் வளர்ந்து, ஒருநாள் ஒரு செதில் பெயர்ந்து விழும். அந்தக் குழியைக் குண்டுகள் ஒவ்வொன்றாகக் கடக்கும் ஓசைதான் மெக்கானிக்குகள் ‘பேரிங் கத்துது’ என்று சொல்லும் முனகல். வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். முதுமலைக் காட்டுக்குள் வேகத்தடைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது அது பெரும்பாலும் காதில் விழாது; மைசூர்ப் பக்கம் சமவெளியில் வேகம் எடுக்கும்போதுதான் தெரியும். கெட்ட பேரிங்கோடு காட்டைக் கடந்தவர் அதை அறியாமலே ஊர் போய்ச் சேரக்கூடும்.

டயர் சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். தார்ச்சாலையின் தரம் மாறினால் டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது. இடப்பக்க வளைவில் முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரம்தான் குற்றவாளி, ஏனென்றால் எடை அங்கே சாய்கிறது. பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். அப்போது ஆடினால் சந்தேகம் பேரிங் மேல். இடம் வலமாகப் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பல கார்களில் ஏபிஎஸ் உணரிக்கான காந்த வளையம் பேரிங்கோடு சேர்ந்தே வரும். எனவே ஏபிஎஸ் விளக்கு எரிவதும் ஒரு துப்பு.

ஆட்டம் முற்றினால் விவகாரம் பிரேக்குக்கே வந்துவிடும். சக்கரம் தள்ளாடும்போது டிஸ்க்கும் தள்ளாடி, பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த வளைவில் ஓட்டுநர் மிதிக்கும் முதல் மிதி, அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும். கார் நிற்க இரண்டாவது மிதி தேவைப்படும்.